புள்ளி தெரியலண்ணே

துப்பாக்கி மெக்கானிக் என்றால் ஊரே மரியாதை கொடுக்கும் என்று நம்பித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன், துப்பாக்கிகூட என்னை மதிக்கவில்லை.

போடியிலிருந்து குரங்கணி போகிற பாதையில், மலையடிவாரத்தில் இருக்கும் துப்பாக்கி சுடும் கிளப்பில் எனக்கு வேலை. இப்போதெல்லாம் உறுப்பினர்கள் கைத்துப்பாக்கியின் முதுகில் ‘ரெட் டாட்’ மாட்டிக்கொள்கிறார்கள். தீப்பெட்டி அளவுக் கருவி அது. நிமிர்ந்து நிற்கும் சின்னக் கண்ணாடி, உள்ளே ஒரு பட்டன் பேட்டரி. கண்ணாடி வழியாகப் பார்த்தால் சிவப்பாக ஒரு புள்ளி தெரியும். அதைக் குறிமேல் வைத்துச் சுட வேண்டியதுதான். ரெண்டு திருகு, ஒரு பேட்டரி, அவ்வளவுதான் சோலி என்று என்னிடம் சொன்னார்கள். மிக்ஸி, டிவி, செல்போன் என்று எதையாவது பழுது பார்த்துப் பிழைக்கிற சகோதரர்களே, ‘அவ்வளவுதான் சோலி’ என்று ஒருவர் சொன்னால் அது எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியும்.

எரியாத புள்ளி

கிளப் செயலாளர் ஏலக்காய் வியாபாரி. முதல் ரெட் டாட் அவருடையது. வழக்கம்போல் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, கண்ணாடியை மாட்டி, பேட்டரியைப் போட்டு, பொத்தானை அழுத்தினேன். புள்ளி வரவில்லை. பேட்டரியைத் திருப்பிப் போட்டேன். வேறு பேட்டரி போட்டேன். கருவியே கோளாறு, திருப்பி அனுப்பிவிடலாம் என்று செயலாளரிடம் ஒரு நிபுணர் மாதிரி சொல்லியும்விட்டேன்.

அனுப்புவதற்கு முன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று, பேட்டரி வாங்கின வாட்ச் கடைக்கே எடுத்துப் போனேன். கடைக்காரர் பேட்டரியை வெளியே எடுத்தார். அதன்மேல் ஒட்டியிருந்த மெல்லிய ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். மறுபடி போட்டார். புள்ளி பளிச்சென்று எரிந்தது. அவர் சிரிக்கக்கூட இல்லை.

“வீட்டுல சுவர்க் கடிகாரம் ஏதும் நின்னுபோச்சுன்னா நீங்களா கை வச்சிராதீங்கண்ணே, நேரா இங்க கொண்டாந்துருங்க” என்றார்.

டாக்டரின் அட்டை

மாட்டிய பிறகு புள்ளியும் தோட்டாவும் ஒரே இடத்துக்குப் போகும்படி திருகிச் சரிசெய்ய வேண்டும். நான் சுட்டதெல்லாம் குறிக்கு இடப்பக்கம் விழுந்தது. திருகின்மேல் வலப்பக்கம் காட்டும் ஓர் அம்புக்குறி இருந்தது. அந்தப் பக்கம் திருகினால் தோட்டா நகருமா, புள்ளி நகருமா? புள்ளிதான் என்று முடிவுகட்டி எதிர்ப்பக்கம் திருகினேன். இன்னும் இடப்பக்கம் போனது. பத்தவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் அதே பக்கம் திருகினேன். படித்தவர்கள் இதை விடாமுயற்சி என்பார்கள்.

எங்கள் கிளப்பில் குறி அட்டைகள் ஒரே பலகையில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். இடப்பக்க அட்டை பல் டாக்டருடையது. அவர் டீ குடிக்கப் போயிருந்தார். திரும்பி வந்து தன் அட்டையைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“விடுங்கண்ணே, நான் சேந்த நாள்லருந்து இன்னைக்குத்தான் என் அட்டையில நடுவுல ஓட்டை விழுந்திருக்கு” என்றார்.

நண்டு

போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் வைத்திருக்கும் சுப்புராஜ் ஒருநாள் ஜீப்பில் மனைவியோடு வந்து இறங்கினார். தன் ரெட் டாட்டில் புள்ளி வட்டமாக இல்லை, கால் முளைத்த நண்டு மாதிரி இருக்கிறது என்றார். நான் பார்த்தேன். நண்டேதான். கடைசியில் ஒரு வாடிக்கையாளரின் குறையை நேரிலேயே உறுதிசெய்த பெருமை எனக்கு. கிளப்பில் இருந்த வேறொன்றை மாட்டினேன். அதிலும் நண்டு. இன்னொன்றிலும் நண்டு. லாட் முழுக்கவே மோசம் என்று நானும் அவரும் ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

அவர் மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு, வட்டமாகத்தானே இருக்கிறது என்றார். பழக்கமில்லாத கண்ணுக்கு அப்படித்தான் தெரியும் என்று நான் விளக்கம் சொன்னேன். அவர் வாதாடவில்லை, செல்போனைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து ஒரு படம் எடுத்துக் காட்டினார். அச்சடித்த பொட்டு மாதிரி வட்டம். அன்று சாயங்காலமே சுப்புராஜும் நானும் கண் டாக்டரிடம் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தோம். கோளாறு கருவியில் இல்லை, இரண்டு பேர் கண்ணிலும் சிலிண்டர் பவர், வட்டத்தைக் கோணலாகக் காட்டுகிற பார்வைக் குறை.

அந்தம்மா டாக்டரிடம் சொன்னது எனக்கும் கேட்டது: “எங்க வீட்டுக்காரர் இருக்கட்டும், துப்பாக்கிக்குக் கண்ணாடி மாட்டுற இந்த அண்ணனுக்கு முதல்ல மாட்டி விடுங்க.”

பூஜைக்கு மறுநாள்

ஆயுத பூஜை முடிந்த மறுநாள், புள்ளி திடீரென்று பெரிதாகிவிட்டது, குறியே மறைகிறது என்று செயலாளர் கூப்பிட்டார். வெளிச்சத்தைக் குறைத்தேன். சுத்தமாக அணைத்தேன். அணைத்த பிறகும் புள்ளி அப்படியே இருந்தது. எனக்கு வேர்த்துவிட்டது. துடைத்துக்கொள்ள மூக்குக்கண்ணாடியைக் கழற்றியபோதுதான் சந்தன வாசனை அடித்தது.

கிளப்பைக் கூட்டிப் பெருக்கும் பாப்பாத்தி அக்கா, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ரெட் டாட் கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்திருந்தது. நான் பஞ்சும் கையுமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்ததை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

“சாமிக்கு வச்ச பொட்ட அழிச்சுப்புட்டு, நீங்க வச்ச பொட்டு மட்டும் எரியணுமாக்கும்?” என்றது.

ரேவதியின் தேர்வு

ரேவதிக்குச் சொந்த ஊர் ராசிங்காபுரம். போடியில் ஒரு வங்கியில் வேலை. விடிந்ததும் கிளப்புக்கு வந்து சுட்டுவிட்டுத்தான் வங்கிக்குப் போகும். மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வு மதுரையில் நடக்க இருந்தது. இந்தத் தடவையும் இடம் கிடைக்கவில்லை என்றால் இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அதன் அப்பா சொல்லியிருந்தார். தேர்வு நெருங்கின நேரம் பார்த்து, சுட்டதெல்லாம் அட்டை முழுக்கச் சிதறியது. தன் கைதான் நடுங்குகிறது என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டது. கண் கலங்கினது எனக்குத் தெரியக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, மேகமலைப் பக்கம் மழை வரும்போல என்றது. வானத்தில் மேகமே இல்லை.

நான் ரெட் டாட்டைக் கழற்றிப் பார்த்தேன். முன்பக்கத் திருகு நான் வேறு பொட்டலத்திலிருந்து எடுத்துப் போட்டது, கொஞ்சம் நீளம். துளையின் அடியில் முட்டி நின்றுவிட்டதால், கைக்கு இறுகியது போலத் தோன்றினாலும் ரெட் டாட்டைப் பிடிக்கவே இல்லை. ஒவ்வொரு சூட்டுக்கும் அது துளித்துளி ஆடியிருக்கிறது. ‘உன் கையில ஒண்ணுமில்ல ஆத்தா, கோளாறு என் கையில’ என்று சொன்னேன். எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, சரியான திருகு போட்டு, அது நகராமல் பிடிக்கிற ஒட்டுப் பசை வைத்து ஒரு நாள் காயவிட்டேன். அதன்பிறகு சுட்டதெல்லாம் ஒரு ரூபாய்க் காசுக்குள் விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்தது வைத்தபடி, புள்ளியை அணைக்காமலே பெட்டியில் பூட்டிவிட்டேன்.

மதுரையில் கடைசிச் சுற்று. பின்வரிசையில் அதன் அப்பாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ரேவதி துப்பாக்கியை உயர்த்தியது, இறக்கியது, கண்ணாடியைப் பார்த்தது. எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. பேட்டரி தீர்ந்துவிட்டது. என்னாச்சு என்று அவர் கேட்டார். மூச்சு வாங்கிக்கிறாள் என்று சொன்னேன். உண்மையில் மூச்சு நின்றிருந்தது எனக்கு. ரேவதி மறுபடி உயர்த்தியது. குறிபார்ப்பதற்கென்று துப்பாக்கியோடு வந்த பழைய இரும்பு முனை அந்தக் கண்ணாடி வழியாகவே தெரியும். அதை வைத்துக் குறிபார்த்து, அவசரமே படாமல் ஒவ்வொன்றாகச் சுட்டு முடித்தது. தேர்வானவர்களில் கடைசிப் பெயர் ரேவதியுடையது. அதன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. எல்லாம் என் வேலைப்பாடுதான் என்று நினைத்திருப்பார் போல.

வெளியே வந்த பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது: “புள்ளி அணைஞ்சப்புறம்தாண்ணே மனசு நிதானமாச்சு, அடுத்த போட்டிக்கும் அதே பேட்டரியவே போட்டுக் குடுத்துருங்க.”

ஆக, இத்தனை காலத்தில் நான் சரிசெய்த கோளாறுகளில் பாதி நான் உண்டாக்கியவை, மீதி எனக்கே இருந்தவை.