ஓடைப் பள்ளத்தில் ஒரு சதுரம்

ஹியூபேட்டைப் போல ஒரு வெற்று ஆடம்பரக்காரனை என் இருபத்தாறு வருட உத்தியோகத்தில் நான் கண்டதில்லை. இடியப்பத்தை முள்ளுக்கரண்டியால் சாப்பிடுவான். சொதி கோட்டில் சிந்தினால், யாரோ கையைத் தட்டிவிட்டது போலச் சுற்றிப் பார்ப்பான். வெள்ளவத்தையில் ரயில் பாதையோரம் வாடகைக்கு இருந்த வீட்டைப் பரம்பரை வீடு என்று கூசாமல் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

எங்கள் நில அளவைக் கந்தோரில் அவனுக்குப் படம் வரையும் வேலை. பழைய நிலப்படத்தின் மேல் மெல்லிய துணியை விரித்து, கோட்டுக்குக் கோடு மையால் பிரதி எடுக்க வேண்டும். கோடு இழுப்பதில் சுத்தமான கை, அதை நான் மறுக்க மாட்டேன். நான் அதே அறையில் மொழிபெயர்ப்பாளன். துரை சொல்வதைச் சனத்துக்குத் தமிழிலும், சனம் சொல்வதைத் துரைக்கு இங்கிலீஷிலும் சொல்லி வயிறு வளர்த்தேன்.

1936இல், கொட்டாஞ்சேனைக்கும் கிராண்ட்பாஸுக்கும் நடுவில் கிடந்த ஓடைப் பள்ளத்தைப் பூங்காவாக்குவதென்று துரைமார் முடிவெடுத்தார்கள். பங்களாக்காரர் பின்னேரத்தில் காலாற நடக்க ஓடை வேண்டுமாம். ஓடைக்கரையில் குடியிருந்தவர்கள் மட்டும் வேண்டாமாம்.

ஹியூபேட்டின் மேசைக்கு மூன்று படங்கள் வந்து சேர்ந்தன. முதலாவது 1868இல் வரைந்தது. அதில் ஓடை தன்பாட்டுக்கு வளைந்து போகிறது. இரு கரையிலும் வயல், ஒரு தாமரைக் குளம், கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரேயொரு சின்னச் சதுரம். 1904இல் வரைந்த இரண்டாவதில் ஓடையை நேராக வெட்டிவிட்டார்கள். வயலும் குளமும் மண்ணால் மூடப்பட்டுவிட்டன. நூறு குடும்பமாவது அப்போது அங்கே இருந்திருக்கும். ஆனால் ஓலைக் கூரைகளைப் படத்தில் போடும் வழக்கம் இல்லை, அதனால் அந்த இடம் வெறுமையாக இருந்தது. சதுரத்தையும் காணவில்லை, ஓடு உடைந்து ஓலை வேய்ந்திருப்பார்கள். மூன்றாவது, ஹியூபேட் வரைந்துகொண்டிருந்த பூங்கா. பாதைகளும் குந்தியிருக்க வாங்குகளும் பாண்டு வாத்தியம் வாசிக்க ஒரு மண்டபமும் போட்டு, மிச்சத்துக்கெல்லாம் பச்சை பூசினான்.

துரைமார் ஒரு தயவும் காட்டினார்கள். 1868ஆம் ஆண்டுப் படத்தில் வீடாக இருந்த இடத்தை விட்டுவைப்போம், மற்றவர்கள் வெளியேற வேண்டும் என்று அறிவித்தார்கள்.

மறுநாள் மத்தியானம் ஒரு பெண் எங்கள் அறை வாசலுக்கு வந்தாள். பெயர் யோசெப்பின். பள்ளத்தில் இடியப்பம் அவித்துத் துறைமுகத்து ஆட்களுக்கு விற்பவள்.

“அண்ணே, பழைய படத்தில அப்பாட வீடு இருக்கா எண்டு ஒருக்காப் பாருங்க. இருந்தா விடுவாங்களாம். மூண்டு பிள்ளைகளோட நான் எங்க போற?”

ஹியூபேட்டின் முகம் வெளிறிப்போனது. “பாக்கிறன், பாக்கிறன், நீ போ” என்று அவளைத் துரத்திவிட்டு என் பக்கம் திரும்பினான். “நாகேந்திரம், அது எங்கட வீட்டில முந்தி வேலைக்கு நிண்ட மனுசி.”

இரண்டு பேருக்கும் மூக்கு அச்சாக ஒன்று. இதைக்கூட மறைக்கத் தெரியாத மடையன்!

இருந்தாலும் படத்தை எடுத்தான். அந்தக் காலத்தில் வீடென்றால் சதுரத்துக்குள் சிவப்புப் பூசுவார்கள், கொட்டில் என்றால் வெறும் கறுப்புக் கோடுதான். அறுபத்தெட்டு வருடத்தில் சதுரம் தேநீர்க் கறை போல மங்கிக் கிடந்தது. ஹியூபேட் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தான். நானும் எட்டிப் பார்த்தேன்.

“சிவப்பு” என்றான், தன்னை மறந்து.

சிவப்புத்தான். என் கண்ணாலும் கண்டேன்.

அடுத்த கிழமை விசாரணை. கந்தோர்க்காரர் எல்லோரும் மண்டபத்தில் கூடியிருந்தார்கள். துரை சதுரத்தின் மேல் பென்சிலை வைத்து, இது என்ன என்று ஹியூபேட்டிடம் கேட்டார். யோசெப்பின் வெள்ளைச் சேலை உடுத்து, கையில் செபமாலையோடு எதிரே நின்றாள். அண்ணன் வாயைத் திறந்தால் வீடு நிச்சயம் என்றுதான் வந்திருந்தாள்.

வீடு என்று சொன்னால் யாருடைய வீடு என்ற கேள்வி வரும். வெள்ளவத்தைப் பரம்பரை அன்றோடு சரி. ஹியூபேட் கழுத்துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு இங்கிலீஷில் சொன்னான்: “மாட்டுக் கொட்டில், சேர்.”

துரை என்னைப் பார்த்தார். நான் அவளுக்குத் தமிழில் சொன்னேன். அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். அவன் கூரை மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஓம், மாட்டுக் கொட்டில்தான்” என்றாள் நிதானமாக. “அதுக்குள்ளதான் எங்கட அம்மா இவரப் பெத்தவ. என்னையும் அதுக்குள்ளதான் பெத்தவ. ஐயா, துரையிட்ட அதையும் சொல்லுங்க.”

மண்டபத்தில் தமிழ் தெரிந்த நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் குனிந்து தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். எத்தனை வருடமாக ஹியூபேட்டின் பீற்றலைக் கேட்டுக் கேட்டு வயிறெரிந்தவன் நான்! அவனைக் கிழித்துத் தொங்கப்போட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா?

“மாட்டுக் கொட்டில்தான் என்று ஒத்துக்கொள்கிறாள், சேர்” என்று இங்கிலீஷில் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஏன் என்று பிறகு எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். கழுத்துப்பட்டி கட்டியவனைக் கழுத்துப்பட்டி கட்டியவன் துரைக்கு முன்னால் காட்டிக்கொடுக்கக் கூடாதாம். இந்தக் கேடுகெட்ட மரியாதையைத் தவிர வேறு காரணம் எனக்கு அகப்படவில்லை. துரை ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

யோசெப்பினுக்கு இங்கிலீஷ் தெரியாது. வெளி விறாந்தையில் என்னிடம் வந்தாள்.

“எல்லாத்தையும் சொன்னீங்களா ஐயா?”

“ஓம்” என்றேன்.

“பெரிய உபகாரம். இந்தக் கந்தோரில நீங்க ஒருத்தராவது மனுசன்” என்று கைகூப்பிவிட்டுப் போனாள்.

மழைக்கு முன் பள்ளத்தில் இருந்த அத்தனை குடிசைகளையும் பிடுங்கி எறிந்தார்கள். அவள் பிள்ளைகளோடு முகத்துவாரத்துப் பக்கம் போனதாகக் கேள்வி. அடுத்த வருடம் பூங்கா திறந்தது. அவளுடைய வீடு நின்ற இடத்தில்தான் பாண்டு மண்டபம். ஹியூபேட் ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியோடு அங்கே போய், தன் தொப்பியைக் கழற்றிக் கழற்றி எல்லோருக்கும் வணக்கம் சொல்வான்.

பூங்காவின் படத்தைக் கண்ணாடி போட்டுக் கந்தோர் வாசலில் மாட்டியிருக்கிறார்கள். வரைந்தவர் ஹியூபேட் என்று கீழ் மூலையில் இருக்கிறது. மாட்டுக் கொட்டில் என்ற கதையைத் துரைக்கு உறுதிப்படுத்தியவன் பெயரை எங்கும் போடவில்லை. நானும் போடச் சொல்லிக் கேட்கவில்லை.