பொம்மைப் பெட்டி மேல் உட்கார்ந்த சிலந்தி

சென்ற வருடம் நவராத்திரியின்போது, மைசூரு அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

எங்கள் ஒரே மகன் அந்த ஆண்டுதான் மங்களூரில் கல்லூரியில் சேர்ந்து விடுதிக்குப் போயிருந்தான். போகும்போது, தான் ஆசையாக வளர்த்த டரான்டுலா சிலந்தியை என் பொறுப்பில் விட்டுப் போனான். உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் பழுப்பு மயிர். கண்ணாடிப் பெட்டிக்குள் தென்னை நார்த்தூள் பரப்பி, உடைந்த பூந்தொட்டி ஓடு ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தான். அதுதான் அதன் வீடு. விரத நாளில் வெங்காயம்கூட நுழையாத எங்கள் வீட்டில், நான் இடுக்கியால் அதற்குக் கரப்பான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"உம்பிள்ளை பாம்பு வளக்காம விட்டானே, அதுக்கு சந்தோஷப்படு" என்பார் என் கணவர்.

அதைக் கண்டால் எனக்கு நடுக்கம்தான். ஆனாலும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். விடுதிக்குப் போனதிலிருந்து மகனின் பேச்சு குறைந்துவிட்டது. "சாப்டியா" என்றால் "ம்". "தூங்கினியா" என்றால் "ம்". சிலந்தியைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறப்பான். அதைப் பார்க்க வேண்டும் என்று தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவான். அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த அழைப்பும் நின்றுவிடும் என்று உள்ளூர ஒரு பயம் எனக்கு.

கொலு வைத்தபோது கூடத்தில் இருந்த கண்ணாடிப் பெட்டியை எங்காவது மறைக்க வேண்டியிருந்தது. வெற்றிலை பாக்கு வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்தால் அப்புறம் எங்கள் படியேறுவார்களா? பின்பக்கத்துச் சின்ன அறையில், பொம்மைகளை எடுத்ததால் காலியாகக் கிடந்த டிரங்குப் பெட்டியின் மேல் அதை வைத்தேன். பொம்மைகளைச் சுற்றியிருந்த பழைய வேட்டியால் வெளிச்சம் படாமல் போர்த்தியும் விட்டேன்.

அன்றிரவே அது மாறிவிட்டது. நாள் கணக்கில் கல் மாதிரி அசையாமல் இருக்கும் பிராணி, ஓயாமல் கண்ணாடிச் சுவரில் ஏறி, வழுக்கி விழுந்து, திரும்ப ஏறியது. மூடியைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. நானும் பாதி ராத்திரிவரை அந்த அறையிலேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மகனிடம் காட்டினேன்.

"புது இடமில்லையா, பழகிடும்டா."

"இல்லம்மா. இடம் மாத்தினா ஓட்டுக்குள்ள பதுங்கும், இப்படித் தொங்காது. மண்ணு ரொம்ப ஈரமா இருக்கா, தொட்டுப் பாரு."

ஈரமில்லை. கரப்பானைப் போட்டேன்; சீண்டவில்லை. அவன் யோசித்து, "மல்லாந்து படுத்தா பயப்படாதே, தோல் உரிக்கறதுன்னு அர்த்தம். தொடாம விட்டுடு. கால் அத்தனையும் வயித்துக்கடியில மடங்கித்துன்னா மட்டும் உடனே கூப்பிடு" என்றான். அறையையும் ஒருமுறை சுற்றிக் காட்டச் சொன்னான். பெட்டி, வேட்டி, சுவர் எல்லாம் காட்டினேன். தப்பாக எதுவும் அவன் கண்ணில் படவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் சிலந்தி தானாகவே அடங்கிவிட்டது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அந்த நேரம் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து என் நாத்தனார் வந்தார். பையை வைக்க அந்த அறைக்குள் போனவர் தும்மிக்கொண்டே வெளியே வந்தார்.

"என்ன மன்னி, உள்ள நிக்கவே முடியலை. பாச்சை உருண்டை நெடி மூக்கைத் துளைக்கறது."

எனக்கு எந்த நெடியும் தெரியவில்லை. நினைவு தெரிந்த நாளாக அந்த வாசனை எனக்கு நவராத்திரியின் வாசனை. ஒவ்வொரு வருடமும் பொம்மைகளைச் சுற்றி வைக்கும்போது, பூச்சி அண்டாமலிருக்க டிரங்கு நிறைய அந்த உருண்டைகளைப் போடுவது வழக்கம்; பொம்மைகளை எடுத்த பிறகும் அவை டிரங்கிலேயே கிடந்தன. அதன் மேலேயே ஒரு பூச்சியை உட்கார்த்தி, அதே நெடி ஏறிய துணியால் மூடியும் வைத்திருக்கிறேன்.

ஓடிப்போய்த் துணியை விலக்கினேன். எட்டுக் காலும் உள்ளே மடங்கிக் கிடந்தது.

மகனுக்கு எப்படிச் சொன்னேனோ தெரியாது. "அழாதேம்மா. முதல்ல மொட்டைமாடிக்குக் கொண்டு போ. நார்த்தூள்லயும் நெடி இருக்கும். வேற டப்பாவுக்கு மாத்தணும்" என்றான்.

கணவர் ஆபீசில் இருந்தார்; பெட்டியை நானே மாடிக்குத் தூக்கிப் போனேன். "நான் ஃபோனைப் பிடிச்சுக்கறேன் மன்னி, ஆனா மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிப்பேன், கோச்சுக்காதீங்கோ" என்றார் நாத்தனார். அப்படியே செய்தார். நான் ஒரு அட்டையை மெதுவாக அதன் அடியில் செலுத்தினேன். ஒரு கால் என் விரலில் பட்டது. பட்டதே தெரியாத அளவுக்கு லேசு. இத்தனை மாதமாக அதைக் கண்டு பயந்தவள், அந்த நிமிஷம் அதற்காகப் பயந்துகொண்டிருந்தேன்.

சுத்தமான டப்பாவில் விட்டு, ஒரு மூடியில் துளி தண்ணீர் வைத்தேன். கைபேசியை எதிரே சாய்த்து நிறுத்தினேன். மகன் அழைப்பைத் துண்டிக்கவே இல்லை. கீழே விருந்தாளிகளுக்கு நாத்தனார் சுண்டல் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். விளக்கு வைக்கும் நேரமும் வந்துவிட்டது. நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

"அம்மா, அசையறது பாரு."

ஒரு கால் நீண்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

இனி திட்டுவான் என்று தலை குனிந்து காத்திருந்தேன். அவன் கேட்டது வேறு.

"அந்த ரூம்ல நீ எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேம்மா? தலை வலிக்கறதா உனக்கு?"

உண்மையில் நவராத்திரி தொடங்கியதிலிருந்தே தலை பிளந்துகொண்டிருந்தது. பண்டிகை வேலை என்று யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். "வலிக்கறதுடா" என்றேன்.

"நினைச்சேன். ரெண்டு மூணு நாளா உன் குரலே சரியில்லை. மூஞ்சியைப் பாக்கலாம்னா, நீ எப்பவும் சிலந்தியையே காட்டிண்டிருக்கே."

கைபேசியை எடுத்து என் முகத்துக்கு நேராகத் திருப்பினேன்.

சிலந்தி இப்போது நன்றாக இருக்கிறது. இந்த வருடம் பொம்மைகளைக் காய்ந்த வேப்பிலை போட்டுத்தான் சுற்றி வைத்திருக்கிறேன். அது வழக்கத்துக்கு மாறாக நகர்ந்தால் இன்னும் நெஞ்சு திக்கென்கிறது, எழுந்து போய்ப் பார்க்கிறேன். மகன் கூப்பிடும்போது மட்டும் முதலில் கேமராவை என் பக்கம் திருப்பி, எனக்கு வலிப்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, அவனுக்கு அங்கே என்ன கஷ்டம் என்று கேட்டு, அந்த "ம்"மைத் தாண்டி அவன் பேசும்வரை பொறுமையாகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.