கோமளாவின் கிணறு

அரங்கசாமி நாயுடு நாலாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் பீளமேட்டில் அவர் பட்டறையில் கடைந்த பம்பு சாஃப்டில் மயிரிழை பிசகு காட்டிய ஆள் அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. யாரிடமும் எதற்கும் போய் நிற்காமல் தலையெடுத்த மனுஷன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் ஊருக்கு வெளியே பத்து சென்ட் மனை வாங்கினார். வீடு கட்டத் தண்ணீர் வேண்டுமே என்று முதலில் கிணறு வெட்டினார். சுற்றிலும் உப்புத் தண்ணீர். அங்கே மட்டும் இளநீர் மாதிரி ஊறியது. மனைவி கோமளா ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, சமையல்கட்டு ஜன்னலைக் கிணற்றைப் பார்த்து வைக்கச் சொன்னாள்.

"மொதல்ல ஜெர்மன் லேத் வரட்டும் அம்மணி. அது வந்தா ஊடு தானா வரும்."

அந்தக் கடைசல் இயந்திரத்தை இறக்குமதி செய்ய லைசென்ஸ் கிடைக்கவே ஏழு வருஷம் ஆயிற்று. விலை இருபதாயிரம், முன்பணம் கட்டியாகிவிட்டது. அது கப்பலில் வந்துகொண்டிருந்தபோதுதான், அறுபத்தாறு ஜூனில், சர்க்கார் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஜெர்மன்காரன் தன் காசில் ஒரு பைசா ஏற்றவில்லை. நம் ரூபாயில் அது முப்பத்தோராயிரத்தைத் தாண்டிப் போய்விட்டது.

முன்பணம் போனால் போகட்டும், லேத்தை விட்டுவிடு என்று மைத்துனர் தலைபாடாக அடித்துக்கொண்டார். சொன்ன சொல்லை மாற்றுவதா என்று அரங்கசாமி மனையை ஒரு பருத்தித் தரகருக்கு விற்றுவிட்டு, அப்புறம்தான் வீட்டில் சொன்னார். கோமளா போய்க் கிணற்றுக் கயிற்றை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தாள்.

லேத் நன்றாகவே ஓடியது. ஆனால் ரூபாய் இளைத்ததைக் கண்ட காசுக்காரர்களெல்லாம் பணத்தை மண்ணில் கொண்டுபோய்ப் போட, மனை விலை மூன்று மடங்கானது. இவர் ஆயிரம் சேர்ப்பதற்குள் அது ஐயாயிரம் ஏறியது. வாடகை வீடே நிலைத்தது.

அறுபத்தொன்பதில் கோமளா வயிற்றுக் கட்டியோடு படுத்தாள். சோறு இறங்கவில்லை.

"ஏனுங்க, அந்தக் கெணத்துத் தண்ணி ஒரு வாய் கெடைக்குங்களா?"

அரங்கசாமி தூக்குப்போசியோடு போனார். மனையில் மாடிவீடு நின்றது. வாசலில் நின்றவரைத் தரகரின் மனைவிக்கு அடையாளம் தெரியவில்லை. யார் வேணும் என்று கேட்டாள்.

"தண்ணிக்கு வந்தேனுங்க."

அடுத்தவர் வாசலில் அவர் கேட்டு நின்றது ஆயுளில் அந்த ஒரு தடவைதான்.

கோமளா இரண்டு வாய் குடித்தாள். "சமையக்கட்டு ஜன்னல் எந்தப் பக்கமுங்க வெச்சிருக்காங்க?"

அவர் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். கிணற்றைப் பார்த்தே வைத்திருந்தார்கள்.

"ரோட்டப் பாத்து வெச்சிருக்காங்க அம்மணி. அவங்களுக்கு என்ன தெரியும்."

"நாம கட்டியிருந்தா நல்லாக் கட்டியிருப்போமுங்க," என்று கோமளா சிரித்தாள்.

போசியில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. மூன்றாம் நாள் அவள் வாயில் கடைசியாக ஊற்றியதும் அதுதான்.