ஸ்லாட் மெஷினும் என் கைராசியும்

எங்கள் பக்கம் காசினோ கிடையாது. நாங்கள் இருக்கும் ஆலனிலிருந்து ஒரு மணி நேரம் வடக்கே ஓட்டி, ஓக்லஹோமா எல்லையைத் தாண்ட வேண்டும். முதல் தடவை போனபோது சும்மா ஒரு ஸ்லாட் மெஷினின் பட்டனை அழுத்தினேன். மணி அடித்து, விளக்கெல்லாம் எரிந்து, கொஞ்சம் பணம் வந்தது. "உனக்குக் கைராசி" என்றார் என் வீட்டுக்காரர். அன்றைக்கு ஆரம்பித்தது வினை.

அப்புறம் சனிக்கிழமை ஆனால் போதும், காபி குடிக்கும் முன்னாலேயே ஷூ மாட்டிக்கொண்டுவிடுவார். பணம் போடுவது அவர், அழுத்துவது நான். ஜெயித்தால் கைராசி. தோற்றால், காலையில் நான் முகம் சுளித்தேனா என்று விசாரணை வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இத்தனைக்கும் இருவருக்குமே இர்விங்கில் சாஃப்ட்வேர் வேலை. மெஷினுக்குள் ஓடுவது ஒரு புரோகிராம். பட்டனை அழுத்தும் நொடியிலேயே ஏதோ ஓர் எண் விழுந்து முடிவாகிவிடும். சக்கரம் சுற்றி நிற்பதெல்லாம் நமக்குக் காட்டும் வேடிக்கை. போன ஆட்டத்தில் என்ன விழுந்தது என்று அதற்கு ஞாபகமே இருக்காது. ஆட ஆட, காசினோவுக்கு மிஞ்சும்படிதான் எழுதி வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் அவரும் ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொண்ட கையோடு, "சரி, நீ அழுத்து" என்பார்.

மனுஷன் இதிலேயே விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அதற்கு என் கை காரணமாக இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். போன மாதம் நிபந்தனை போட்டேன். சினிமாவுக்குச் செலவழிக்கிற அளவு பணம் மட்டும், வங்கிக் கார்டெல்லாம் வீட்டிலேயே இருக்கும், அரை மணி நேரம் ஆனால் கிளம்ப வேண்டும், அழுத்துவது அவர். தலையாட்டினார்.

அடுத்த சனிக்கிழமை போனோம். அரை மணி நேரம் முடியும்போது ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் பணம் மிச்சம் இருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துப் பட்டன் மேல் வைத்தார்.

"இந்த ஒரு தடவை, ப்ளீஸ். நீ ப்ரெஸ் பண்ணினா விழும்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கே ஆசை வந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

"தோத்தா எனக்குக் கவலையே இல்லங்க. ஜெயிச்சுட்டா நீங்க நிறுத்தவே மாட்டீங்க. அதான் பயமா இருக்கு."

மிச்சப் பணத்தைத் திருப்பித் தரும் பட்டனை அவரே அழுத்தினார்.