பழைய கரவனும் புது றப்பரும்

கரவன் யன்னலுக்கு றப்பர் மாற்றுகிறவனை மனிதர்கள் தேடுவது இரண்டே நேரங்களில்: மழை பெய்துகொண்டிருக்கும்போது, அல்லது மழை பெய்து ஓய்ந்த மறுநாள். வெயில் எறிக்கும் நாளில் என்னை ஒருவரும் நினைப்பதில்லை.

கரவன் என்றால் காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. லண்டனில் எங்கட ஆட்களும் இப்போது பழைய பைபர் கிளாஸ் கரவன்களை வாங்கி வீட்டு முன்றலில் நிறுத்துகிறார்கள். பைபர் கிளாஸ் துருப்பிடிக்காது, உக்காது. போவது யன்னல் றப்பர்தான். கண்ணாடியையும் கரவனின் உடம்பையும் சேர்த்துப் பிடித்திருக்கிற அந்தக் கறுப்பு வளையம் இருபது முப்பது வருட வெயிலில் காய்ந்து, சுருங்கி, வெடித்து, மழைக்கு வழி விட்டுவிடும். நான் முன்பு டென்மார்க்கில் பஸ் கண்ணாடி பொருத்துகிற இடத்தில் வேலை செய்தவன். லண்டனுக்கு மாறி வந்த பிறகு ஹவுன்ஸ்லோவில் ஒரு வானை வைத்துக்கொண்டு இதைத் தொழிலாக்கினேன். தன் வேலையில் ஷிப்ட் இல்லாத நாட்களில் மனைவி மனோவும் உதவிக்கு வருவாள்.

அடுத்தவர் வீட்டு முன்றலில், வீட்டுக்காரர் தேத்தண்ணிக் கோப்பையோடு முதுகுக்குப் பின்னால் நின்று பார்க்க, வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிற பிளம்பர்மாரே, எலக்ட்ரீசியன்மாரே, நான் சொல்லப் போவது உங்களுக்கு விளங்கும்.

வளர்ந்த யன்னல்

முதல் பிழை என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழில் தொடங்கிய புதிதில் ஹரோவில் ஒரு தமிழ் மாஸ்டரின் கரவன் கிடைத்தது. சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிப்பவர். ஒற்றுப் பிழை விட்டால் பெற்றோரையும் சேர்த்துக் கூப்பிட்டு விளக்கம் கேட்பார் என்று கேள்வி. பயந்து பயந்து வேலை செய்தேன். புது றப்பரைச் சுற்றிப் போட்டு, இழுத்து விறைப்பாக்கி, இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி வெட்டினேன். மயிரிழை இடைவெளி இல்லை. மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக் குனிந்து பார்த்துவிட்டு, "சந்தி நல்லாய் வந்திருக்கு" என்று பாராட்டினார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

பஸ்ஸுக்கு றப்பர் முழு வளையமாகவே வரும். வெட்டுகிற வேலை இல்லை. இழுத்துப் போட்ட றப்பர் நாள் போகப் போகத் தன் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும், அதனால் இழுக்கவே கூடாது, ஒரு விரற்கடை கூடுதலாக விட்டு வெட்டி, நெருக்கித்தான் செருக வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு மாதம் கழித்து, குடும்பத்தோடு கடற்கரைக்குப் போன இடத்திலிருந்து மாஸ்டர் வீடியோவில் அழைத்தார். வணக்கம்கூடச் சொல்லாமல் ஃபோனை யன்னலுக்குக் கிட்டக் கொண்டுபோனார். நான் வெட்டிய இடத்தில் இரண்டு விரல் நுழையும். வெளியே மழை. கீழே அவருடைய மனைவி சோற்றுப் பானையை ஏந்திக்கொண்டு நின்றார். அவர்கள் திரும்பி வந்த அன்றே ஓடிப்போய் மாற்றிக் கொடுத்தேன். ஆனால் ஃபோனில் அந்த மனுசன் ஒரு கடுமையான சொல்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நான் இதற்குள் மறந்திருப்பேன். அவர் சொன்னது இதுதான்: "தம்பி, நீர் போட்டது நல்ல றப்பர். யன்னல்தான் கொஞ்சம் வளந்துபோச்சு."

டொக்டரின் வைத்தியம்

அதே ஹரோவில் ஓய்வுபெற்ற ஒரு டொக்டர். "கரவனுக்குள்ளை படுத்தால் தலையணை ஈரம்" என்று என்னை அழைத்தவர் அவருடைய மனைவி. போய்ப் பார்த்தால் யன்னலைச் சுற்றி றப்பரே தெரியவில்லை. கேக்குக்கு ஐசிங் பூசினது போல வெள்ளைச் சிலிக்கன். ஒரு முறை ஒழுகினால் ஒரு பூச்சு, மறுமுறை ஒழுகினால் அதற்கு மேல் இன்னொன்று. எத்தனை டியூப் போனது என்று கேட்டேன். டொக்டர் வானத்தைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தார்.

சிலிக்கனைச் சுரண்டி எடுக்க எனக்கும் மனோவுக்கும் மூன்று மணித்தியாலம் பிடித்தது. பைபர் கிளாஸில் கீறல் விழக் கூடாது என்பதால் பிளாஸ்டிக் கத்தியால்தான் சுரண்ட வேண்டும். மேலே வெடித்த றப்பரால் உள்ளே போன தண்ணி, கீழே வெளியேற வழி இல்லாமல் சிலிக்கனுக்குள் அடைபட்டுக் கிடந்திருக்கிறது. கீழ் விளிம்பை அறுத்ததும் ஒரு கோப்பைத் தண்ணி என் சப்பாத்துக்குள் இறங்கியது. போன வருட மழையாக இருக்கும், அப்படி ஒரு மணம். தண்ணி வராமல் இருக்கத் தான் போட்ட மருந்துதான் தண்ணியைப் போகவிடாமல் வைத்திருந்தது என்பது டொக்டருக்கும் அந்த நேரம் விளங்கியிருக்க வேண்டும். ஒரு தரம் செருமினார். பிறகு என் தோளில் தட்டிச் சொன்னார்: "தம்பி, மற்றப் பக்கம் கழட்டேக்கை பாத்துக் கழட்டும். அங்கை நான் இன்னும் வடிவாய்ப் போட்டிருக்கிறன்."

மூச்சுக்காற்று

ஸ்ட்ரெதமில் ஒரு ஆங்கிலேய மூதாட்டி. கணவர் இறந்து சில மாதங்கள். முப்பது வருடம் இருவருமாக இழுத்துக்கொண்டு திரிந்த கரவனை இனித் தானே இழுத்துக்கொண்டு போவது என்று முடிவெடுத்து, அதற்கு முன் யன்னலைப் பார்க்கச் சொல்லி அழைத்திருந்தார். மடக்குக் கதிரையைப் போட்டுப் பக்கத்திலேயே இருந்துகொண்டார். தன் பக்கத்துக் கட்டில் எப்போதும் காலையில் ஈரமாகவே இருக்கும் என்றும், கணவர் கடைசிவரை அது ஒழுக்கு இல்லை என்றே சொன்னார் என்றும் கதையோடு கதையாகச் சொன்னார். "நீ வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாய். உன் மூச்சுக்காற்றுத்தான் குளிரில் தண்ணியாகிறது" என்பாராம். அதற்காக மூதாட்டி முப்பது வருடமாக முகத்தை ஒரு துவாயால் மூடிக்கொண்டு படுத்திருக்கிறார்.

நான் றப்பரைக் கழற்றினேன். விசுக்கோத்து மாதிரி முறிந்து முறிந்து வந்தது. அவருடைய தலையணைக்கு நேர் மேலே, உள்ளிருந்து வெளியே என் சுண்டுவிரல் போய் வந்தது. கீழே மரப் பலகையில் தண்ணி ஓடிய கறுப்புத் தடம், பல வருடத் தடம். காட்டாமல் மூடிவிடலாமோ என்றுகூட யோசித்தேன். இறந்த மனுசனைக் காட்டிக்கொடுத்து எனக்கு என்ன வரப் போகிறது? ஆனால் மூதாட்டி எழும்பி வந்து தானே பார்த்துவிட்டார். தன் விரலையும் விட்டுப் பார்த்தார். அழப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "ஆக, நான் மூச்சு விட்டதில் ஒரு பிழையும் இல்லை."

ஆற்றை இடம்?

ஹவுன்ஸ்லோவில் இரண்டு சகோதரர்கள். மூத்தவர் சிவபாலன், இளையவர் குகன். இருவருக்கும் விமான நிலையத்தில் வேலை. ஆசைப்பட்டுச் சேர்ந்து ஒரு கரவன் வாங்கி, அது வந்த அடுத்த கோடையிலிருந்து பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள். கோபத்துக்கான காரணத்தை இருவரும் எனக்குத் தனித்தனியே சொன்னார்கள். ஒருவர் சொன்ன காரணத்தில் மற்றவர் சொன்ன ஆட்களே இல்லை. கரவன் ஒழுகத் தொடங்கியதும், ஆளுக்கொரு ஃபோன் போட்டு, ஆளுக்கொரு பக்கமாக என்னை ஒரே கரவனுக்கு அழைத்திருந்தார்கள்.

அன்று மனோவுக்கு ஷிப்ட். கரவனோ பெரிய முன் யன்னல் உள்ளது. றப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, அதன் உள் உதட்டுக்குள் ஒரு நைலோன் கயிற்றை ஓட விட்டு, சவர்க்காரத் தண்ணி பூசி வைப்போம். வெளியே நிற்பவர்கள் கண்ணாடியை அமத்த, உள்ளே நிற்பவர் கயிற்றை மெல்ல இழுக்க வேண்டும். கயிறு வர வர றப்பர் விளிம்பின் மேல் ஏறி இருந்துகொள்ளும். அவ்வளவு பெரிய யன்னலுக்கு மூன்று பேர் இல்லாமல் முடியாது. அந்த வளைவுக் கண்ணாடியை இப்போது எங்கும் செய்வதில்லை; விழுந்தால் கரவனைத் தூக்கி எறிய வேண்டியதுதான். சிவபாலன் கயிற்றோடு உள்ளே போனார். நானும் குகனும் வெளியே. ஒரு கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் முகத்துக்கு முகம் நின்றுகொண்டு, அண்ணன் என்னைப் பார்த்து, "தம்பி, அவனை நேரா நிக்கச் சொல்லும்" என்றார். தம்பியும் என்னையே பார்த்து, "நான் நேராத்தான் நிக்கிறன் எண்டு சொல்லுங்கோ" என்றார். நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிக் கயிறு வந்திருக்கும். குகனின் பக்கத்து மூலை சறுக்கி வெளியே வரத் தொடங்கியது. என் பக்கத்தை விட்டுவிட்டு என்னால் அசைய ஏலாது.

உள்ளேயிருந்து சிவபாலன் கத்தினார்: "டேய் குகன்! இடப்பக்கம்! இடப்பக்கம் சறுக்குதடா, அமத்தடா!"

"ஆற்றை இடம்? உங்கடையோ, என்ரையோ?"

"என்ரை இடமடா! உனக்கு வலம், விசரா!"

குகன் நெஞ்சைக் கொடுத்து மூலையை அமத்தினார். சவர்க்காரத் தண்ணி அவருடைய யூனிஃபோம் முழுக்க வழிந்தது. கயிறு முழுதாக வந்தது. றப்பர் 'சப்' என்று ஏறி உட்கார்ந்தது. மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது. முகம் சிவந்து சிவபாலன் வெளியே வந்தார். யன்னலைத் தடவிப் பார்த்தார். தம்பியின் நனைந்த சட்டையைப் பார்த்தார். வாய் திறந்தது. இனி நேரேயே பேசிக்கொள்வார்கள் என்ற சந்தோசத்தோடு நான் என் சாமான்களைப் பொறுக்குகிற மாதிரி விலகி நின்றேன். அவர் என் பக்கம் திரும்பினார்: "தம்பி, அவன் நல்லா அமத்தினவன் எண்டு அவனிட்டைச் சொல்லிவிடும்."

உள்ளே ஒருத்தரும் இல்லை

இதுவும் ஹவுன்ஸ்லோதான். ஒரு வீட்டுக்காரர், பின்வளவில் பழைய கரவன். ஈரம் அளக்கும் கருவியை வெளிச் சுவரில் மூன்று இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு யன்னல் றப்பரும் போய்விட்டது என்றேன். "பக்கத்து வீட்டுக்குத் தெரியிற முன்பக்கத்தை மட்டும் செய்யும். பின்பக்கம் கிடக்கட்டும். உள்ளுக்கு ஒருத்தரும் இல்லைத்தானே" என்றார். கதவைத் திறக்க வேண்டாம், வெளியிலிருந்தே கழற்றும் என்றும் சொன்னார். கழற்றினேன். கண்ணாடி கைக்கு வந்ததும், உள்ளே ஒரு போர்வை அசைந்தது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தலையைத் தூக்கிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அண்ணை, மழையோ?" என்று கேட்டார். இரவு முழுக்கக் களஞ்சியத்தில் பெட்டி தூக்கிவிட்டுப் பகலில் தூங்குகிறவர். கொக்கியில் யூனிஃபோம், சுவரில் அடுத்த மாதத்து ஷிப்ட் தாள். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் உடுப்புக் காயப்போடும் கயிற்றை ஆராய்ந்துகொண்டு, "தெரிஞ்ச ஆள். சும்மா கொஞ்சம் களைப்பாறுறார்" என்றார்.

கட்டிலின் கால்மாட்டில், பின் யன்னலுக்குக் கீழே ஒரு வாளி இருந்தது. நானும் இந்த நாட்டுக் குளிரில் ஒரு முழுக் குளிர்காலம் ஈரச் சுவரோடு படுத்தவன். வாளியைப் பார்த்த பிறகு என்னால் ஒரு யன்னலோடு போக முடியவில்லை. பின் யன்னலை மாற்றாவிட்டால் காற்றழுத்தத்தில் முன் யன்னல் கழன்று பக்கத்து வீட்டு வளவுக்குள் விழும் என்று ஒரு பெரிய பொய்யைப் பெரிய முகத்தோடு சொன்னேன். பக்கத்து வீடு என்றதும் அவர் உடனே சம்மதித்தார். இரண்டையும் போட்டு முடித்தேன். கண்ணாடியை வெளியே நின்று அமத்தியது பல் துலக்கிக்கொண்டு வந்த அந்த மனிதர்தான். "தண்ணி இவ்வளவு வருகுது. வீட்டுக்காரரிட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். வாயிலிருந்து பிரஷை எடுத்துவிட்டுச் சொன்னார்: "சொல்லலாந்தான் அண்ணை. ஆனா, நான் இங்கை இல்லையெல்லோ."

வெளியே பெய்கிற மழை உள்ளே வராமல் பார்க்கச் சொல்லித்தான் எல்லோரும் என்னை அழைக்கிறார்கள். உள்ளே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதை இதுவரை ஒருவரும் ஃபோனில் சொன்னதில்லை.