ஒற்றைச் செருப்போடு நான் நின்ற வீடியோ

போன கார்த்திகையில், விடாமல் அடித்த மழை ஓய்ந்து வெயில் எட்டிப்பார்த்த ஒரு புதன்கிழமை காலையில் நடந்தது இது. இடம், மாடம்பாக்கம் போகிற வழியில் உள்ள ஒரு பேச்சுப் பயிற்சி மையத்தின் வாசல்.

என் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. பேச்சு வரவில்லை. நாம் சொல்வது புரியும். வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுவாள். ஆனால் 'அம்மா' என்றுகூட வாயில் வராது. கர்ப்பத்தில் நான் ஏதாவது தப்பாகச் சாப்பிட்டேனா, அவளிடம் போதுமான அளவு பேசவில்லையா, டி.வி.யை அதிகம் ஓடவிட்டேனா என்று சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருப்பேன். டாக்டர் சொன்னபடி வாரத்துக்கு இரண்டு முறை கோவிலம்பாக்கத்திலிருந்து அவளை ஸ்கூட்டியில் அழைத்துப் போவேன். ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

மையத்துக்கு எதிரே, சாலையைத் தாண்டி, ஒரு பழைய குடோன் இருந்தது. அதில் ஒரு ராக் இசைக்குழு பயிற்சி செய்யும். பாடுகிறவர் ஒரு பெண். அவரிடம் கேட்டு, சில அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

பல்லாவரத்தில் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தவரின் மகள் அவர். அதை எந்த மேடையிலும் மறைக்கமாட்டார். ஒரு கல்லூரி விழாவில் முன்வரிசைப் பெரியவர்களைப் பார்த்து, "நீங்க மாட்டிகினு வந்துகீற ஷூ எங்க தெருவுலர்ந்து வந்தது. எங்க தெருவ தாண்டும்போது மட்டும் இன்னாத்துக்கு மூக்கப் பொத்திக்கிறீங்க?" என்று மைக்கில் கேட்டுவிட்டார். அதோடு நிறுத்தவில்லை. கடைசியில் ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்தார். ஊருக்கு அந்த வார்த்தை மட்டும்தான் ஞாபகம் இருந்தது, கேள்வி மறந்துபோயிற்று.

எனக்கும் அப்படித்தான். ஒட்ட வெட்டிய முடியும் கழுத்து வரை குத்திய பச்சையுமாக அவர் குடோன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால், நான் வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்துவேன். காத்திருக்கும் அறையில் இருக்கும் அம்மாக்கள் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். என் மகள் மட்டும் அந்த ஜன்னலை விடமாட்டாள். மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறவள், எதிரே டிரம் அடிக்க ஆரம்பித்ததும் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பாள். அந்த அதிர்வு அவளுக்குப் பிடித்திருந்தது.

அன்றைக்குப் பயிற்சி முடிந்து வெளியே வந்தோம். மையத்துக்குள் செருப்போடு போகக் கூடாது. படிக்கு வெளியே கழற்றி வைக்கவேண்டும். மகளுக்கு ஷூ மாட்டிவிட்டேன். என் செருப்பின் வார் மழையில் ஊறி இறுகியிருந்தது. ஒரு காலில் மாட்டிக்கொண்டேன். இன்னொன்றுக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. அவள் கையை விட்டுவிட்டுக் குனிந்தேன். நிமிர்ந்தபோது அவள் இல்லை. எதிரே டிரம் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்து நான் கேட்டது ஒரு தண்ணீர் லாரியின் பிரேக்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது லாரி சாலையில் கோணலாக நின்றிருந்தது. அதற்கு முன்னால், ஒரு சாண் தள்ளி, அந்தப் பாடகி என் மகளை இடுப்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். குழந்தை சாலையில் இறங்குவதைக் குடோன் வாசலிலிருந்து பார்த்துவிட்டு, கையிலிருந்த டீயைப் போட்டுவிட்டுப் பாய்ந்திருக்கிறார். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. என் மகளால் அதைத் தாங்க முடியாது. காதைப் பொத்திக்கொண்டு உடம்பை வில்லாக வளைத்துக் கத்தினாள். நான் எதிரில் நின்று கையை நீட்டினேன். குழந்தையை வாங்கிக்கொள்ளத் தெம்பு இல்லை. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. பாதிப் பேர் கையில் போன். ஒருவர் எனக்குப் பின்னால் ஒட்டி நின்று, என் தோளுக்கு மேலே கையை நீட்டி, அழுகிற என் மகளின் முகத்தைப் படம் பிடித்தார். அவர் மூச்சு என் காதில் பட்டது.

அப்போதுதான் அந்தப் பாடகி கத்தினார். போனைக் கீழே இறக்கச் சொல்லி ஒருமுறை மரியாதையாகச் சொன்னார். அந்த ஆள் இறக்கவில்லை, நாலடி பின்னால் நகர்ந்து எடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு வந்ததெல்லாம் என்னால் எழுத முடியாத வார்த்தைகள். சொல்லிக்கொண்டே ஒரு கையால் என் மகளின் முகத்தை மறைக்கப் பார்த்தார்.

எங்களைக் குடோனுக்குள் அழைத்துப் போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். டிரம் வாசிப்பவர் போய் என்னுடைய இன்னொரு செருப்பை எடுத்துவந்து கொடுத்தார். மகள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, பெரிய டிரம்மின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். நன்றி என்று ஒரே ஒரு வார்த்தைதான் என்னால் சொல்ல முடிந்தது. "போக்கா, மெதுவா ஓட்டிகினு போ" என்று அனுப்பிவைத்தார்.

சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மகளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் சித்தி மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். "அக்கா, இது நீதானே? தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் சுடிதார்தானே?"

அரை நிமிடம்கூட இருக்காது. லாரி அதில் இல்லை. சாலையும் சரியாகத் தெரியவில்லை. மஞ்சள் சுடிதாரில் என் முதுகு தெரிந்தது. என் மகள் வீறிட்டு அழுதாள். அந்தப் பெண் என் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டிக் கெட்ட வார்த்தையில் திட்டினார். மரியாதையாகச் சொன்ன அந்த முதல் வரியை வெட்டிவிட்டிருந்தார்கள். குழந்தையோடு வந்த தாயை நடுரோட்டில் அசிங்கமாகத் திட்டிய ராக் பாடகி என்று மேலே எழுதியிருந்தது.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பார்க்கப் பார்க்க, அவர் என்னைத்தான் திட்டுகிறாரோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. அங்கே நின்றது நானாக இல்லாமல் வேறு ஒருத்தியாக இருந்திருந்தால், நானும் நம்பி நாலு பேருக்கு அனுப்பியிருப்பேன்.

கீழே கருத்துகள் குவிந்துகொண்டே இருந்தன. எல்லாம் எனக்கு ஆதரவு. பாவம் அந்த அம்மா, பயத்தில் ஒரு செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நிற்கிறார் என்று ஒருவர் வட்டம் போட்டுக் காட்டியிருந்தார். வார் இறுகி மாட்ட முடியாமல் போன என் செருப்பு அங்கே சாட்சியாகிவிட்டது. இவள் பெண்ணா என்று கேட்டவர்களும், பிறந்த இடத்துப் புத்தி என்று சொன்னவர்களும் இருந்தார்கள். தோல் ஷெட்டு நாற்றம் வாயிலும் அடிக்கிறது என்று ஒருவர் எழுத, அதற்கு ஆயிரக்கணக்கில் விருப்பக்குறிகள். படிக்கும்போது எனக்கு உடம்பு கூசியது. இவ்வளவும் என் பெயரால், என் மானத்தைக் காப்பதற்காக எழுதப்பட்டவை.

மதுரையிலிருந்து என் மாமியார் போன் செய்தார். ஓங்கி ஒன்று விட்டிருக்கவேண்டாமா, ஏன் மரம் மாதிரி நின்றாய் என்று சத்தம் போட்டார். அவரிடம் நடந்ததைச் சொன்னேன். இதை வெளியே யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதே என்றார். கணவரும் அதையே சொன்னார். உன் முகம் தெரியவில்லை, இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள் என்றார். எனக்கும் அதுதான் சரியோ என்று இருந்தது. அப்புறம் தப்பு என்று தோன்றும். மறுபடி சரி என்று தோன்றும்.

கடைசியில் பொறுக்க முடியாமல் அந்த வீடியோவுக்குக் கீழே எழுதினேன். அந்தத் தாய் நான்தான், அவர் என்னைத் திட்டவில்லை, பின்னால் நின்று படம் எடுத்தவரைத்தான் திட்டினார் என்று.

எதற்கு வம்பு என்று என் கணக்கில் என் பெயரோ படமோ எப்போதும் வைத்துக்கொண்டதில்லை. ஒரு மல்லிகைப் பூ படம்தான் இருக்கும். உடனே பதில்கள் வந்தன. போலிக் கணக்கு என்றார்கள். எவ்வளவு வாங்கினீர்கள் மேடம் என்று கேட்டார்கள். ஒருவர், "குழந்தையோடு அவமானப்பட்டு நின்ற அந்தத் தாயின் வலி உங்களுக்குப் புரியுமா?" என்று என்னிடமே கேட்டார். போனைக் கவிழ்த்துவைத்துவிட்டேன்.

அதற்கடுத்த நாள்தான் என்னை உலுக்கிய இன்னொரு வீடியோ வந்தது. யாரோ இருவர் கேமராவோடு பல்லாவரத்தில் அந்தப் பாடகியின் வீட்டுக்கே போயிருந்தார்கள். அவருடைய அப்பா கதவைத் திறந்தார். மெலிந்த மனிதர், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். உங்கள் மகள் இப்படிச் செய்யலாமா என்று மைக்கை நீட்டினார்கள். அவருக்கு எதுவும் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கேமராவைப் பார்த்துக் கைகூப்பினார். "அந்தப் பொண்ணு யாரோ என்னவோ, எம்பொண்ணுக்காவ நான் மன்னிப்பு கேட்டுக்கிறேம்மா" என்றார்.

என் குழந்தையின் உயிரைக் காப்பாற்றியதற்காக, அந்தப் பெண்ணைப் பெற்றவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கு மேல் யோசிக்கவில்லை. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அதே மஞ்சள் சுடிதாரைப் போட்டுக்கொண்டு குடோனுக்குப் போனேன். முகத்தைக் காட்டி, நடந்ததைச் சொல்லி ஒரு வீடியோ எடுத்துப் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஷட்டரில் யாரோ பெயின்ட்டால் கிறுக்கியிருந்தார்கள். தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அந்த மாதம் அவர்களுக்கு இருந்த நிகழ்ச்சியை ரத்து செய்துவிட்டார்கள் என்று டிரம் வாசிப்பவர் சொன்னார்.

அந்தப் பாடகி என்னைப் பார்த்ததும் முதலில் என் காலைத்தான் பார்த்தார். "இன்னாக்கா, இன்னிக்கு ரெண்டு செருப்பும் கீதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் வந்த காரணத்தைச் சொன்னேன். இப்போதே எடுக்கலாம், நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள், எல்லாரும் நம்புவார்கள் என்று படபடவென்று சொல்லிப் போனை நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"வேணாங்க்கா."

ஏன் என்று கேட்டேன். எல்லாவற்றையும் முகத்துக்கு நேராகப் பேசுகிற நீங்கள் இதற்கு மட்டும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன்.

அவர் ஒரு ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்து, என்னையும் உட்காரச் சொன்னார்.

"நான் இன்னான்னு சொல்லணும்? புள்ள ரோட்டுக்கு ஓடிச்சி, நான் புடிச்சேன்னு சொல்லணும். அடுத்த நிமிசம் அம்மாக்காரி இன்னா பண்ணிகினு இருந்தான்னு கேப்பானுங்க. அப்பால பாப்பாவ புடிச்சிப்பானுங்க. ஏன் பேசல, இன்னா கோளாறுன்னு ஆளாளுக்கு டாக்டராவானுங்க. என்னை திட்றது எனக்குப் பழகிப்போச்சி. அந்தக் கொயந்த மூஞ்சிய இன்னொருவாட்டி போன்ல சுத்தவுடாத. அதுக்குத்தான அன்னிக்கு அவ்ளோ கத்துனேன்?"

வாய்த் துடுக்குக்காரி என்று ஊரே சொல்கிற பெண், என் மகளுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக நான் மாற்றி மாற்றி யோசித்ததில் இது ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை. பெற்ற எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் அப்பாவிடமாவது நான் பேசவேண்டும் என்றேன். உடனே போன் போட்டு, "நைனா, அந்த அக்கா" என்று என் கையில் கொடுத்தார். மன்னிப்புக் கேட்க என்னென்னவோ வார்த்தைகளை வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்தேன். மகள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கவேண்டும், அவர் என்னைப் பேசவிடவில்லை.

"பாப்பா இன்னா பண்ணுதும்மா? ராத்திரில தூக்கிவாரிப் போடுதா? பயம் தெளிஞ்சுதா?"

தெளிந்துவிட்டது ஐயா என்று மட்டும்தான் சொன்னேன்.

அந்த வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. போன மாதம்கூட வேறு ஒரு குழுவில் வந்தது. அந்தக் கல்லூரி அவர்களைத் திரும்பக் கூப்பிடவில்லை. நாங்கள் இப்போதும் புதன்கிழமைகளில் பயிற்சிக்குப் போகிறோம். முடிந்ததும் நான் முதலில் இரண்டு செருப்பையும் மாட்டிக்கொண்டு, அவள் கையைப் பிடித்துச் சாலையைக் கடப்பேன். அவள் டிரம்மைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். சில வார்த்தைகள் வர ஆரம்பித்திருக்கின்றன.

அந்த வீடியோவைக் கடைசியாகப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தேன். அதில் அவருடைய கண்கள் என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்கு மேலே, படம் பிடிக்கிற ஆளைத்தான் பார்த்தன. அத்தனை லட்சம் பேர் பார்த்தும் யாருக்கும் அது தெரியவில்லை. இப்போது யாரோ யாரையோ திட்டுகிற வீடியோ என் போனுக்கு வந்தால், திட்டுகிறவரின் கண்கள் எங்கே பார்க்கின்றன என்று முதலில் தேடுகிறேன். தெரியாவிட்டால், அது என்னைத் தாண்டி ஒருவருக்கும் போவதில்லை.