வேரோடு பிடுங்கிய கரை

மழையில் கிணற்றோரத்து மண் கட்டியாகப் பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. தொப்பென்ற அந்தச் சத்தத்தில் என் கால்கள் தாமாகப் பின்வாங்கின.

என் சின்ன வயதில், ஆம்பூரில் பாலாறு வளையும் இடத்தில் கரைமேல் எங்கள் வீடு இருந்தது. ஊரின் தோல் ஷாப்புகளில் தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டை வேண்டும். அப்பா கரையிலிருந்த ஆவாரஞ்செடிகளை வேரோடு பிடுங்கி, பட்டையை உரித்துத் தோல் ஷாப்புக்குப் போடுவார். பக்கத்து வீட்டு குல்சும்பீ மட்டும் தன் பக்கத்துச் செடிகளைத் தொடவிடவில்லை. விளக்குமாற்றோடு வந்துவிடுவாள்.

ஓர் ஐப்பசியில் வெள்ளம் வந்தது. "தண்ணி கீழதான ஓடுது, இன்னாத்துக்குப் பயப்படுற?" என்றார் அப்பா, அம்மாவிடம்.

தண்ணீர் மேலே ஏறவேயில்லை. வளைவில் மோதி அடிமண்ணை அரித்தது. தொப், தொப்பென்று கரை விழுந்துகொண்டே வாசலை நெருங்கியது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"இங்க வாங்க! இங்க மண்ணு நிக்குது!" தன் ஆவாரம் புதருக்குள்ளிருந்து குல்சும்பீ கத்தினாள். நாங்கள் அங்கே போய்ச் சேர்வதற்குள் வீடு சரிந்து ஆற்றோடு போனது.

அப்பா கடைசியாக வந்தார். வீட்டிலிருந்து அவர் காப்பாற்றியது ஒரு பட்டைக் கட்டு. மஞ்சளாகப் பூத்திருந்த செடிகளுக்கு நடுவே, அதை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் தலைச்சுமையோடு நின்றார்.